‘க’ எந்த விசையில் இருக்கிறது? ரைப்ரைற்றரில் இருந்து குரல் கட்டளை வரைக்கும்

கொம்பியூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு விசையும் கால் மாதிரி. முன்னுக்குப் போக ஒன்று, பின்னுக்கு வர ஒன்று, இரண்டு பக்கமும் விலக இரண்டு. பாமினியில் தமிழ் அடித்துப் பழகின ஆளுக்கு அதே நாலு விசையும் ற, ய, ள, ன. இடக்கையின் அதே விரல்கள், அதே இடங்கள். ஒருவருக்கு அது ஓட்டம், மற்றவருக்கு எழுத்து. எங்கட வயதுக்காரரில் கனபேருக்கு இரண்டும் பழக்கம். அதனால் ஒரு விசைக்கு ஒரு வேலையைக் கட்டி வைக்கிறது ஆர், ஏன் அப்படிக் கட்டினார்கள் என்ற கேள்வி எங்களுக்குள் கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வியைக் கிளப்பி விட்டது குரல் கட்டளை மென்பொருள்.

அது செய்கிற வேலை சின்னது. வாயால் ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல்லுக்கு என்று முதலே கட்டி வைத்த விசையை உங்களுக்குப் பதிலாக அது அழுத்தும். வாய்ஸ்அட்டாக் போன்ற மென்பொருள்களை விமானம், விண்கலம் ஓட்டுகிற கேம்களில் பாவிக்கிறார்கள். ஏனெண்டால் அந்த மாதிரிக் கேம்களில் விசைகள் நூறைத் தொடும், மனிசனுக்கு விரல் பத்துத்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கேமுக்குக் குரல் கேட்பதே இல்லை. அதற்குத் தெரிவது விசை மட்டும்.

ஆகவே குரல் கட்டளை வேலை செய்யாவிட்டால் மூன்று இடத்தில் தேட வேண்டும். சொன்னது கேட்டதா? கேட்டது விசையாக அழுத்தப்பட்டதா? அழுத்திய விசை கேமுக்குப் போய்ச் சேர்ந்ததா? முதலாவது மைக் பிரச்சினை, அல்லது உச்சரிப்புப் பிரச்சினை. இரண்டாவதைச் சோதிக்க நோட்பாடைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளையைச் சொல்லிப் பார்த்தால் காணும், எழுத்து விழும். ஆட்களை விசராக்குவது மூன்றாவதுதான். நோட்பாடில் எழுத்து வடிவாக விழும், கேமுக்குள் போனால் ஒன்றும் அசையாது. காரணம் பலதாக இருக்கலாம். விசையை மிகக் குறுகிய நேரம் அழுத்தி விட்டால், கேம் கீபோட்டைப் பார்க்கிற அந்தக் கணத்துக்கு முன்னமே விசை எழும்பியிருக்கும். செக்கனுக்கு 60 தரம் பார்க்கிற கேமுக்குக்கூட இரண்டு பார்வைக்கு இடையில் 16 மில்லிசெக்கன் இடைவெளி உண்டு. அழுத்துகிற நேரத்தைக் கூட்டினால் சில வேளை அதோடே சரிவரும். கேம் நிர்வாகி உரிமையோடு ஓடி, குரல் மென்பொருள் சாதாரண உரிமையோடு ஓடினால், கீழே இருப்பது மேலே இருப்பதின் விசையை அழுத்த விண்டோஸ் விடாது. அப்ப இரண்டையும் ஒரே உரிமையில் ஓட்ட வேண்டும்.

இன்னொரு காரணம்தான் எங்களை வரலாற்றுக்குள் இழுத்துப் போட்டது. கீபோட் கொம்பியூட்டருக்கு அனுப்புவது எழுத்தை இல்லை. ‘இந்த இடத்தில் இருக்கிற விசை அமத்துப்பட்டது’ என்ற ஓர் இலக்கத்தை மட்டும் அனுப்பும். அந்த இலக்கத்தை ‘டபிள்யூ’ என்றோ ‘ற’ என்றோ மொழிபெயர்ப்பது உள்ளே இருக்கிற விசைப்பலகை அமைப்பு. சில கேம்கள் இடத்தைக் கேட்கும், சில எழுத்தைக் கேட்கும். குரல் மென்பொருள் ஒரு விதமாக அனுப்ப, கேம் மற்ற விதமாக எதிர்பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். எழுத்தைக் கேட்கிற கேமுக்கு முன்னால் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ‘முன்னுக்குப் போ’ என்று எத்தனை தரம் கத்தினாலும் அங்கே போய் விழுவது ‘ற’. கேமுக்கு ‘ற’ என்றால் என்ன என்று ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விசையின் இடம் வேறு, அதில் குடியிருக்கிற எழுத்து வேறு. இந்தப் பிரிவைத் தமிழில் முதல் முதலாகக் கையால் தொட்டு யோசித்தவர்களில் ஒருவர் எங்கட ஊர்க்காரர்.

ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்தார். 1907 இல் மலாயாப் பக்கம் போனார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இங்கிலிஷ் படித்த பெடியள் கனபேர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளறிக்கல் வேலைக்குப் போனார்கள், அவரும் அந்த வரிசையில் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு கொம்பனியில் எழுதுவினைஞராக இருந்தார். அலுவலகம் முழுக்க இங்கிலிஷ் ரைப்ரைற்றர் சத்தம். தமிழுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்பது அவருடைய கேள்வி.

கேள்வி லேசு, கணக்குத்தான் கடினம். தமிழ் எழுத்து 247. ரைப்ரைற்றரில் விசை ஏறத்தாழ 45, ஷிப்டோடு சேர்த்தால் 90 இடம். நெடுங்கணக்கை அப்படியே கொண்டுபோய் விசையில் ஏற்ற ஏலாது. எழுத்தை உடைக்க வேண்டும். கா, கி, கெ, கை எல்லாவற்றிலும் ‘க’ அப்படியே இருக்கிறது, பக்கத்தில் வருகிற குறிதான் மாறுகிறது. ஆகவே மெய்க்கு ஒரு விசை, குறிக்கு ஒரு விசை. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டு. தமிழ் ஒலியை விட்டு விட்டு, தமிழின் வடிவத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்குகிற வேலை இது. கண்ணுக்கு இடமிருந்து வலமாக எது முதலில் தெரிகிறதோ அதை முதலில் அடிக்க வேண்டும். வாய் ‘க்’ என்று தொடங்குகிறது, விரல் கொம்பில் தொடங்குகிறது. இந்த ஒழுங்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

புள்ளிக்கு என்ன செய்வது? புள்ளி பக்கத்தில் வராது, தலைக்கு மேல் வர வேண்டும். ரைப்ரைற்றரில் ஒவ்வொரு தட்டுக்கும் தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்து தூரம் நகரும். நகர்ந்தால் புள்ளி அந்தரத்தில் நிற்கும். அதற்குத்தான் நகரா விசை. அதைத் தட்டினால் அச்சு விழும், உருளை அசையாது. முதலில் புள்ளியை அடித்து விட்டு, அதே இடத்தில் ‘க’ வை அடித்தால் ‘க்’. எங்களைக் கேட்டால், தமிழ்க் கணிமை வரலாறு கொம்பியூட்டரில் தொடங்கவில்லை, இந்த அசையாத விசையில் தொடங்குகிறது என்போம். ஒரு மொழியின் இலக்கணத்தை ஓர் இயந்திரத்தின் பல்லுச்சக்கரத்துக்குள் இறக்கிய வேலை இது. முத்தையாவின் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அன்ட் நாவ்மான் என்ற கொம்பனி. அவர்கள் தையல் இயந்திரமும் செய்தவர்கள். பிஜோ என்ற பெயரில் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன ரைப்ரைற்றரும் வந்தது.

முத்தையாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரு வரிக் குறிப்பாகத்தான் படித்தோம்: ‘தமிழ்த் தட்டச்சின் தந்தை.’ தந்தைப் பட்டம் கொடுத்து ஆளைப் படத்தில் மாட்டி விட்டால் அவர் செய்த வேலையைப் பார்க்கத் தேவையில்லாமல் போய் விடும், எங்கட ஆட்களின் வழமை இது. உண்மையில் அவர் எதிர்கொண்டதும் இன்றைக்குக் கேமில் விசை கட்டுகிற ஆள் எதிர்கொள்வதும் ஒரே பிரச்சினை. கட்டளை கூட, விசை குறைவு.

அந்த விசை வரிசை பிறகு பல கைகளில் மாறி, ரைப்பிங் வகுப்புகளில் மனப்பாடமாக ஊறியது. நடு வரிசையில் இடப்பக்கத்தில் இருந்து தொடங்கினால் ய, ள, ன, க, ப. எங்களில் ஒருத்தியின் அம்மா ஏ.எல். முடித்து விட்டு ரைப்பிங் படித்தவர். இன்றைக்கும் அவருக்கு ‘க’ எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாது, மேசையில் விரலை வைத்தால் விரல் சொல்லும். எழுத்து மூளையில் இருந்து இறங்கி விரல்நுனிக்குப் போய்க் குடியேறி விடுகிறது. அதை அங்கே இருந்து கிளப்புவது லேசில்லை. பிறகு வந்த எல்லாத் தமிழ் விசைப்பலகைச் சண்டைகளுக்கும் அடிப்படை இந்த விரல்தான் என்பது எங்கட எண்ணம்.

1990 க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி கூடத் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட கதைகளை நாங்கள் எல்லாரும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அப்படியான இடத்தில் மின்சாரம் கேட்காத ரைப்ரைற்றர் நின்று பிடித்ததில் அதிசயம் இல்லை.

இந்த இடத்தில் 1997 ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குவேக் என்ற கேமின் பெரிய போட்டியொன்றில் ‘திரெஷ்’ என்ற பெயரில் விளையாடிய டெனிஸ் ஃபொங் வெல்கிறார், பரிசு ஒரு ஃபெராரிக் கார். அம்புக்குறி விசைகளை விட்டுவிட்டு டபிள்யூ, ஏ, எஸ், டி யில் அவர் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்துக் கனபேர் பழகினார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் வழமை. அதே வருசம் டிராகன் நச்சுரலிஸ்பீக்கிங் விற்பனைக்கு வருகிறது. சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் சாதாரணமாகப் பேசினாலே கொம்பியூட்டர் இங்கிலிஷில் எழுதும். அதே வருசம் மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று ‘தமிழ்நெற் 97’ என்ற மாநாட்டை நடத்துகிறார் (பிறகு எங்களுக்கெல்லாம் தெரிந்த செய்தித் தளம் வேறு). அங்கே பேச்சு: தமிழ் எழுத்தை எந்த இலக்கத்தில் சேமிப்பது, எந்த விசையில் வைப்பது. அதே மே மாதம் 13 ஆந் திகதி வன்னியில் ‘ஜெயசிக்குறு’ தொடங்குகிறது, யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறக்கிறதுக்கான இராணுவ நடவடிக்கை. எங்களுக்கு அப்ப பாதையே இல்லை.

ஒரே வருசத்தில் ஒரு பக்கம் குரல் விசையைத் தாண்டிப் போகுது. இன்னொரு பக்கம் ‘க’ எந்த விசை என்று கேட்டுக்கொண்டிருக்கினம். மூன்றாவது பக்கம் விசைப்பலகை ஊருக்குள் வரவே வழியில்லை. வரலாற்றை ஒரே கோடாகப் படிப்பிக்கிற பாடப்புத்தகங்களுக்கு இந்த வருசத்தை எப்படி எழுதுவது என்று தெரியாது.

பாமினி வந்து சேர்ந்தது இந்த இடைவெளிக்குள்தான். பாமினி ஓர் எழுத்துரு. அதன் தந்திரம் மிக எளிது, கொஞ்சம் கள்ளமும் கூட. கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துத்தான் தெரியும். சரி, அது ஆங்கில எழுத்தென்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும், படத்தை மட்டும் நாங்கள் மாற்றுவம். ‘எஃப்’ என்ற எழுத்தின் உருவத்துக்குப் பதிலாக ‘க’ வை வரைந்து வைத்தால் எஃப் ஐ அமத்தும்போது திரையில் ‘க’ தெரியும். ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ‘யாழ்ப்பாணம்’ என்றால் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி. எழுத்துகள் உட்கார்ந்த இடங்கள் பெரும்பாலும் ரெங்கநாதன் விசைப்பலகை என்று இலங்கையில் அறியப்படுகிற ரைப்ரைற்றர் வழி வந்த வரிசை. ரைப்பிங் படித்த விரல்களுக்குப் புதிதாக ஒன்றும் பழக வேண்டி இருக்கவில்லை. உகரத்துக்குச் செய்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்த இடம். ‘க’ விசையை ஷிப்டோடு அமத்தினால் ‘கு’, ‘த’ வை அமத்தினால் ‘து’, ‘ம’ வை அமத்தினால் ‘மு’. தமிழில் அடிக்கடி வருகிற உகரம் ஒரே தட்டில் கிடைத்து விடும்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொம்பியூட்டர் கடைகளும் இன்ரநெற் கஃபேகளும் யாழ்ப்பாணத்தில் பெருகினபோது இங்கே எங்கும் பாமினிதான். திருமண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, ரியூற்றரி நோட்டீஸ், பல்கலைக்கழக ஆய்வேடு, கோயில் மலர் எல்லாம் அதில். லண்டன், பாரிஸ், ரொறன்ரோவில் எங்கட ஆட்கள் நடத்திய பத்திரிகைகளிலும் அதைப் பார்க்கலாம்.

இதுக்கிடையில் சென்னையில் 1999 பெப்ரவரியில் ‘தமிழ்நெற் 99’ மாநாடு நடந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. அது வேறு தத்துவம். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. கண்ணின் ஒழுங்கை விட்டு வாயின் ஒழுங்குக்குத் திரும்பியது, முதலில் மெய், பிறகு உயிர். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ வுக்குப் பாமினியில் ஐந்து தட்டு, தமிழ்99 இல் நாலு. சிக்கனமானது, மொழியின் இயல்போடு போவது. இதெல்லாம் தெரிந்தும் யாழ்ப்பாணம் அதுக்கு மாறவில்லை. இதைச் சிலர் எங்கட பிடிவாதம் என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ரைப்ரைற்றரில் இருந்து பாமினிக்குச் செலவே இல்லாமல் வந்த ஆளிடம், ஒரு தட்டு மிச்சம் பிடிக்கிறதுக்காக இருபது வருசப் பழக்கத்தை விடு என்று கேட்டால் அவர் ஏன் விட வேணும்? 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரத்தைக் கொண்டு வந்தபோது அதில் ஏற்கப்பட்டதும் ரெங்கநாதன் விசைப்பலகைதான். விரல் வென்றது என்று சொல்லலாம்.

ஆனால் அந்தத் தரம் செய்த பெரிய வேலை விசையில் இல்லை, விசைக்குப் பின்னால். யூனிகோட்டில் 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அங்கே ‘க’ என்றால் ‘க’ தான், எஃப் க்கு வேசம் போட்ட ‘க’ இல்லை. ஒரே இடத்தில் விசையை அமத்துகிறோம், விரலுக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளே போய்ச் சேருவது முற்றிலும் வேறு இலக்கம். இடமும் எழுத்தும் இப்போதுதான் உண்மையாகப் பிரிந்தன. கொம்பை முதலில் அடிக்கிற பழைய கண் ஒழுங்கு இங்கே இடிக்கும். யூனிகோட் மெய்யை முதலில் கேட்கிறது. ஆகவே இடையில் ஒரு சின்ன மென்பொருள் நின்று, விரல் அடித்த கொம்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மெய் வந்த பிறகு இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். கேம்காரர் தேடுகிற மூன்றாவது பிழை இருக்கிற அதே இடைவெளி இது. அழுத்தியதுக்கும் போய்ச் சேர்வதுக்கும் இடையில்.

இனிக் குரலுக்கு வருவம். கேம் உலகத்தில் குரலை நம்பிச் செய்த முயற்சிகள் பழசு. 1998 இல் நின்ரெண்டோ 64 க்கு வந்த ‘ஹே யூ, பிக்காச்சு!’ வில் மைக்கில் பேசினால் பிக்காச்சு கேட்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளின் கீச்சுக் குரலுக்கு ஏற்ற மாதிரி அதைச் சரிப்படுத்தி வைத்திருந்தார்கள், பெரியாக்களின் தடித்த குரல் அதுக்கு அவ்வளவாக விளங்காது. சிரிப்பான விசயம்தான், ஆனால் விசயம் இருக்கு. குரலைக் கேட்கிற எந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு ‘எதிர்பார்க்கிற ஆள்’ ஏற்கெனவே இருக்கிறார். நீங்கள் அந்த ஆளா இல்லையா என்பதுதான் முதலாவது கேள்வியின், ‘சொன்னது கேட்டதா’ என்பதின், உண்மையான அர்த்தம்.

விண்டோஸோடு வருகிற பழைய குரலறி இயந்திரத்தில் இங்கிலிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் உண்டு, தமிழ் இல்லை. வாய்ஸ்அட்டாக் வழமையாகக் கேட்பது அந்தக் காதால். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்து அதைப் பாவிக்கிறவர் இங்கிலிஷில் கட்டளையிட வேண்டும், அல்லது தமிழ்ச் சொல்லை இங்கிலிஷ் எழுத்தில் எழுதி இயந்திரத்தை ஏமாற்ற வேண்டும். இரண்டாவதைச் செய்து பார்க்கிறதில் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ‘வா’, ‘போ’ மாதிரி ஓரசைச் சொல் சரிவராது, இருமினாலும் அதுக்கு ‘போ’ மாதிரிக் கேட்கும். ‘வலப்பக்கம்’, ‘இடப்பக்கம்’ இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் குழம்பும். தொடக்கம் வேறுபடுகிற நீளமான சொல் வேண்டும். கடைசியில் நின்று பிடித்தவை ‘சோத்துக்கை’, ‘பீச்சங்கை’. விண்கலத்தைப் பீச்சங்கைப் பக்கம் திருப்பச் சொல்லிக் கத்துகிறதை வீட்டில் பெரியாக்கள் கேட்டால் என்ன நினைப்பினம் என்பது வேறு கதை.

இங்கிலிஷில் சொல்கிறபோது எங்களுக்கு ஒரு சின்ன வாய்ப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘டைப்ரைட்டர்’ என்று எழுதுவதை நாங்கள் ‘ரைப்ரைற்றர்’ என்று எழுதுகிறோம். அவர்கள் ‘டீவி’, நாங்கள் ‘ரீவி’. இந்தியத் தம்பிமார் இதை வாசித்து விட்டுச் சிரிப்பார்கள். ஆனால் வாசிக்கிறபோது எங்கட ‘ற்ற’ நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஈறில் முட்டி வருகிற ஒலி, இங்கிலிஷின் அந்த ஒலிக்குக் கிட்ட. அதனால்தான் எழுத்தும் அப்படி. யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் ஆராய்ந்த பேராசிரியர் சுசீந்திரராசா போன்றவர்களின் எழுத்துகளை எங்கட பீடத்துப் பெடியள் பரீட்சைக்கு மட்டும் படித்து விட்டு வைக்கிறார்கள். குரலறி மென்பொருள் செய்ய நினைக்கிற ஆள் முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

2017 ஓகஸ்டில் கூகுள் தமிழுக்குக் குரல் தட்டச்சைக் கொண்டு வந்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் நாலு தரம் வரும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. பட்டியலில் பெயர் தனியாக இருப்பது நல்லது. போன்களில் இருக்கிற குரல் தட்டச்சுகளைப் பொதுவாகச் சொன்னால், செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினால் எழுதுகின்றன, ‘எண்டு’, ‘உவன்’, ‘கதைச்சவை’, ‘ஏலாது’ என்று வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் தடுமாறுகின்றன. ‘உவன்’ அவற்றுக்கு அவன் ஆகவோ இவன் ஆகவோ மாறிப் போகும். கிட்டவும் இல்லாத, எட்டவும் இல்லாத அந்த நடு ஆளுக்கு அங்கே இடமில்லை. இந்த இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கிற பேச்சில் இருந்தும் எழுத்தில் இருந்தும்தான் படிக்கின்றன. எங்கட பேச்சு எழுத்தாக எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தால், நாடகப் பிரதி, சிறுகதை, சஞ்சிகை என்று கனக்கக் கிடக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பாமினியில் கிடக்கிறது. அதாவது இயந்திரத்தின் கண்ணுக்கு அது தமிழே இல்லை, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

இது வெறும் தேடல் வசதிப் பிரச்சினை இல்லை. கலைப்பீடத்தில் பார்வையற்ற மாணவர்கள் எங்களோடு படிக்கிறார்கள். அவர்கள் கொம்பியூட்டரைப் பாவிப்பது என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வழியாக. அது இலவசம், திறந்த மூலம், அதோடு வருகிற ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும். அவர்களுக்கு மவுஸ் இல்லை, எல்லாம் விசைதான். எந்த விசைக்கு எந்த வேலை கட்டியிருக்கு என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, கட்டு மாறினால் பாதை மாறும். யூனிகோட்டில் இருக்கிற கட்டுரையைத் திறந்தால் குரல் தமிழில் வாசிக்கும். பாமினியில் இருக்கிற விரிவுரைக் குறிப்பைத் திறந்தால் அது இங்கிலிஷ் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உளறும். கண் இருக்கிற எங்களுக்கு அச்செடுத்தால் அழகான தமிழ். அவர்களுக்கு ஒரு வசனம்கூட இல்லை. ஒரே கோப்பு.

ஆகவே குரல் வந்தால் விசை ஒழிந்து விடும் என்று சொல்கிறவர்களை நாங்கள் நம்பவில்லை. குரல் விசைக்கு மேல் போட்ட இன்னொரு தட்டு. கீழ்த் தட்டில் பிழை இருந்தால் மேல் தட்டு எவ்வளவு திறமாக இருந்தாலும் ஒன்றும் போய்ச் சேராது. யாழ்ப்பாணத்தின் கீழ்த் தட்டு இருபது வருசப் பாமினி.

அதை மாற்றலாம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி மாதிரிக் கருவிகள் நீண்ட காலமாகவே இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பாமினி எழுத்தை ஒட்டினால் யூனிகோட் வரும். அந்தக் கருவிகள் இல்லாவிட்டால் எங்கட ஆட்களின் எழுத்தில் பாதி இன்றைக்கு இணையத்தில் இருக்காது. ஆனால் பொத்தானை அமத்தி விட்டு எழும்பிப் போகிற வேலை இல்லை இது. பாமினிக் கோப்புக்குள் இடையில் ஓர் இங்கிலிஷ் சொல் இருந்தால் வெறும் எழுத்தாக ஒட்டும்போது எது வேசம் போட்டது, எது உண்மையான இங்கிலிஷ் என்று கருவிக்குத் தெரியாது. இரண்டையும் தமிழாக்கி விடும். பெரிய எழுத்தில் ‘சிடி’ என்று இங்கிலிஷில் இருந்தால் ‘ஊனு’ என்று வரும். ‘ரீவி’ என்றால் ‘வுஏ’. இணைய முகவரிகள் எந்த மொழியும் இல்லாத மந்திரமாகும். மனிசர் இருந்து வரி வரியாக வாசிக்க வேணும், அதோடு கூட ஒருத்தர் திரைவாசிப்பானில் கேட்டுச் சொல்ல வேணும், கண் தாண்டிப் போகிற பிழையைக் காது பிடிக்கும்.

எங்கட குழுவில் இப்ப அப்படித்தான் இரண்டு இரண்டு பேராக இருக்கிறம், ஒருவர் பார்க்க, ஒருவர் கேட்க. பழைய பீட சஞ்சிகைக் கோப்புகளில் ஆறு முடிந்திருக்கு. ‘ஊனு’ வந்த இடமெல்லாம் மாத்தியாச்சு. ‘வுஏ’ ஐ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறம். உங்களிடம் பாமினியில் தட்டச்சு செய்த ஆய்வேடோ, நாடகப் பிரதியோ, கோயில் மலரோ பழைய சிடியில் கிடந்தால் தூக்கி எறியாமல் எங்களுக்குச் சொல்லுங்கோ. சிடி ஓடாட்டிலும் பரவாயில்லை, அச்சுப்பிரதி இருந்தால் காணும். வாசிச்சுச் சொல்ல ஓராள், அடிக்க ஓராள் எங்களிட்ட இருக்கு.